கயத்தாற்றுப் புளியமரம்

புதுக்கோட்டைக்காரன் என்று சொன்னால் போதும், "கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த ஊரா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேலை பார்த்த ஊர்களில் எல்லாம் இந்தக் கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. சிரித்து மழுப்பிவிடுவேன். ஆனால் பிடித்துக் கொடுத்தது யார் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவரை ஏன் ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மரண தண்டனை நம் மண்ணுக்குப் புதிதல்ல. கழுவேற்றுவது, யானைக் காலில் இட்டு இடறச் செய்வது, சிரச்சேதம் என்று பலவிதம் இருந்தன. எல்லாமே ஊர் பார்க்க நடந்தவை. அதே மண்ணில் வேறு வழியும் இருந்தது. வேட்டைக்குப் போன இடத்தில் அம்பு தவறி ஆளைக் கொன்றவன், இறந்தவன் பேரில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. உயிருக்கு உயிர் என்பது மட்டுமே நம் வழக்கமாக இருந்ததில்லை.

1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் வடக்கே நம் சீமைக்கு வந்தார். அவரைப் பிடித்துத் தரும்படி கலெக்டர் லஷிங்டன், விஜயரகுநாதத் தொண்டைமானுக்கு எழுதினார். திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். கம்பெனியோடு பல ஆண்டு நட்பில் இருந்த சமஸ்தானம் வேறு விதமாக நடந்திருக்க முடியுமா என்று வாதாடலாம். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

பிடித்த இடத்திலேயே அவரைக் கொல்லவில்லை. கயத்தாறு வரை கொண்டு போனார்கள். அக்டோபர் 16 அன்று மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து உட்கார வைத்து, மேஜர் பானர்மேன் விசாரணை என்ற ஒன்றை நடத்தினார். அன்றே தூக்கு. அப்போதெல்லாம் இன்றுபோல் கணக்குப் பார்த்துக் கயிற்றின் நீளத்தை வைத்துக் கழுத்தெலும்பை முறிக்கும் முறை கிடையாது. அது 1870-களில் இங்கிலாந்தில் வழக்கத்துக்கு வந்தது. மரக்கிளைத் தூக்கில் மூச்சு முட்டித்தான் உயிர் போகும். நேரமும் ஆகும். அதைப் பாளையக்காரர்கள் பார்க்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. தண்டனை ஒருவருக்கு, பாடம் மற்றவர்களுக்கு. அவருடைய தானாபதிப் பிள்ளையை அதற்கு முன்பே நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் குத்தி வைத்ததும் இதற்காகத்தான்.

பாடம் பலித்ததா? கட்டபொம்மன் அச்சமில்லாமல் நடந்து போனதைப் பானர்மேனே தம் அறிக்கையில் எழுதி வைத்தார். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்த கோட்டையை மறுபடி எழுப்பினார். சிவகங்கையில் மருது சகோதரர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று மருதிருவரையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். பொன்னமராவதியிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்திலேயே 1868-ல் பொது இடத்தில் தூக்கிலிடுவதை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலும் தூக்கு பிறகு சிறைச் சுவருக்குள் போய்விட்டது. பார்க்கிறவர்கள் பயந்து அடங்குவார்கள் என்றால், அதை ஏன் மறைக்கவேண்டும்?

கயத்தாற்றில் அந்தப் புளியமரம் இப்போது இல்லை. கட்டபொம்மனின் சிலை நிற்கிறது. பயமுறுத்தத் தேர்ந்தெடுத்த இடத்தில் இன்று மாலை போடுகிறார்கள். இனி யாராவது அந்தப் பழைய கேள்வியைக் கேட்டால் நான் மழுப்பப் போவதில்லை. "ஆமாம், எங்கள் ஊர்தான் பிடித்துக் கொடுத்தது" என்று சொல்லிவிட்டு, இந்த மரத்தின் கதையையும் சேர்த்துச் சொல்வேன்.