மென் பாஸ்டல்

மென் பாஸ்டல் என்பது நிறமித் தூளுடன் மிகக் குறைந்த அளவு பிசின் சேர்த்துக் கோல்களாக உருட்டி உலர்த்தப்படும் ஓவியப் பொருள் ஆகும். இக்கோல்களால் வரையப்படும் ஓவியமும் பாஸ்டல் என்றே அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பாஸ்டல் எனப்படுவது பெரும்பாலும் மெழுகு கலந்த எண்ணெய் பாஸ்டல் ஆகும். அது 1920களில் ஜப்பானில் உருவான வேறொரு பொருள். மென் பாஸ்டலோ விரலில் ஒட்டும் தன்மையில் வண்ணக் கோலப்பொடிக்கே நெருங்கியது.

இயல்பு

பிசின் குறைவாக இருப்பதால் நிறமியின் நிறம் ஏறக்குறைய மாறாமல் தெரிகிறது. எண்ணெய் ஓவியம் போல நாளடைவில் மஞ்சளிப்பதோ வெடிப்பதோ இல்லை. அதே காரணத்தால் தூள் தாளின் சொரசொரப்பில் மட்டுமே தங்கி நிற்கிறது. கை பட்டாலே அழியும்.

வரலாறு

18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகர ஓவியர் ரோசால்பா கரியேரா உருவப்படங்களில் இதனைப் புகழ்பெறச் செய்தார். பிரெஞ்சு ஓவியர் ஷார்டன் முதுமையில் கண் நோயால் எண்ணெய் வண்ணத்தைக் குறைத்துப் பாஸ்டலுக்கு மாறினார். எட்கார் டெகா பாஸ்டலை அடுக்கடுக்காக இட்டும், நீராவியால் நனைத்தும் ஓயாது சோதனை செய்தவர். எட்வர்ட் முங்க்கின் "அலறல்" ஓவியத்தின் 1895ஆம் ஆண்டுப் பாஸ்டல் வடிவம், 2012இல் ஏறத்தாழ 12 கோடி அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது.

இந்தியாவில் அவனீந்திரநாத் தாகூர் (1871–1951) தம் இளமையில் கல்கத்தா ஓவியப் பள்ளியைச் சேர்ந்த இத்தாலியரான கிலார்டியிடம் பாஸ்டல் பயின்று உருவப்படங்கள் வரைந்தார். பின்னர் நீர்வண்ணத்துக்கு மாறினார். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி அவருடைய மாணவர்.

பயிற்சி

பாஸ்டலில் வண்ணங்கள் தட்டில் கலக்கப்படுவதில்லை, தாளின் மீதே கலக்கின்றன. எனவே, எந்த நிறத்தின் மேல் எது எப்படித் தோன்றும் என்பதைச் சிறு கட்டங்களில் இட்டுப் பார்ப்பதே தொடர்ந்து வரைபவருக்குப் பயன் தரும் முதல் சோதனை. வழக்கமாக அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறத்துக்கும், கடினமான கோலிலிருந்து மென்மையான கோலுக்கும் செல்வர். விரலால் தேய்த்தால் மென்மை கிடைக்கும். மிகுதியாகத் தேய்த்தால் நிறம் மங்கிச் சேறாகும். தொடக்கநிலையில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுவே. வழவழப்பான தாள் இரண்டு மூன்று அடுக்குகளுக்கு மேல் ஏற்காது. மரவேலைக்கான மெல்லிய உப்புத்தாளிலும் வரையலாம், எனினும் அதன் தாள் அமிலத்தன்மை உடையதாயின் காலப்போக்கில் பழுப்பேறும். வெள்ளைத் தாளைவிடச் சாம்பல் அல்லது பழுப்பு நிறத் தாளில் ஒளியையும் நிழலையும் எளிதாக மதிப்பிடலாம். முதல் அடுக்கை ஈரத் தூரிகையால் கரைத்து, உலர்ந்தபின் மேலே வரைவதும் உண்டு.

உடைந்த துண்டுகளை அரைத்து, சில துளி நீர்விட்டுப் பிசைந்து உருட்டி நிழலில் உலர்த்தினால் புதிய கோல் கிடைக்கும். பல நிறத் துண்டுகள் சேர்ந்து உருவாகும் சாம்பல் நிறம் கடையில் கிடைப்பதரிது.

பாதுகாப்பு

காட்மியம் போன்ற நஞ்சுள்ள நிறமிகள் சில கோல்களில் உள்ளதால் தூளை வாயால் ஊதுதல் கூடாது. பலகையைச் சற்று நிமிர்த்தி வைத்தால் தூள் தானே கீழே உதிரும். மின்விசிறியை நிறுத்திவிடுவது நன்று. நிலைநிறுத்தித் தெளிப்பான் தூளைப் பிடித்து வைத்தாலும் வெளிர்நிறங்களைக் கருக்கச் செய்வதால் ஓவியர் பலர் அதனைத் தவிர்க்கின்றனர். முடிந்த ஓவியம், கண்ணாடியில் படாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடப்படுகிறது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஈரச்சுவரில் மாட்டுதல் ஆகாது.