மூன்று பவுன் வரியும் மந்திரி ஸ்மட்ஸும்

நிறத்தின் பேராலும் இனத்தின் பேராலும் தாழ்த்தப்பட்ட மக்கள் வீதியில் இறங்கி நியாயம் கேட்கும்போது, ஆட்சிப் பீடத்தில் அமர்ந்திருப்போர் செய்யத்தக்கது யாது? "இவர்களைத் தூண்டிவிட்டவன் எவன்?" என்று தேடுவதா? "இவர்கள் கேட்பது நியாயந்தானா?" என்று ஆராய்வதா? இவ்விரண்டு கேள்விகளுள் எதனை முதலில் கேட்கிறார் என்பதைக் கொண்டே ஓர் அரசியல்வாதியின் தரத்தை நாம் அளந்துவிடலாம். இதற்குச் சரித்திரச் சான்று வேண்டுவோர் தென்னாப்பிரிக்காவை நோக்குக. நம்மவர் கண்ணீரும் இரத்தமும் சிந்திய நாடு அது.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டம் அதில் இருந்தது. 1911-இல் அம்முறை நிறுத்தப்படும் வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கருமாவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டன்மாருக்கும் அவர்களுக்கும் உள்ள வேற்றுமை, கப்பல் சென்ற திசை ஒன்றேயாம்.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தவர்களுட் பலர் ஊர் திரும்பவில்லை. காய்கறி பயிரிட்டும், சிறு கடை வைத்தும், தம் காலில் நிற்கத் தொடங்கினர். வெள்ளையர் இதனைப் பொறுத்தாரில்லை. கூலியாக இருக்க வேண்டும், குடிமகனாக இருத்தல் கூடாது என்பதே அவர்தம் கொள்கை. 1895-இல் நேட்டால் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. மறு ஒப்பந்தமும் எழுதாமல், ஊருக்கும் திரும்பாமல் தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டும். பின்னர் இவ்வரி 16 வயதான ஆண் பிள்ளைகள் மீதும், 13 வயதான பெண் பிள்ளைகள் மீதும் சுமத்தப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். கணவன், மனைவி, வயது வந்த பிள்ளைகள் இருவர் என நால்வருள்ள குடும்பத்துக்கு வரி 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டாலும், ஒருவன் பதினேழு மாதம் உழைத்தே ஓராண்டு வரியைக் கட்ட வேண்டும்! இது கஜானாவை நிரப்ப எழுந்த வரியன்று. விடுதலை பெற்றவனை மீண்டும் தோட்டத்துக்குள் துரத்தும் சாட்டையே ஆகும். சம்பளப் பேரேடு எழுதிப் பழகிய எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

இவ்வநீதியை எதிர்த்தவர்களுக்கு ஆள்வோர் அளித்த முதல் விடை, உறுதியற்ற வாக்கு. டிரான்ஸ்வாலில் இந்தியர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டுமென்ற சட்டத்தின் மேல் கிளர்ச்சி எழுந்தபோது, 1908 ஜனவரியில் மந்திரி ஸ்மட்ஸ் காந்தியாருடன் உடன்பாடு செய்துகொண்டார். மக்கள் தாமாகவே பதிந்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்று அவர் வாக்களித்தார் என்பது காந்தியார் கூற்று. அவ்வாறு வாக்களிக்கவில்லை என்பது ஸ்மட்ஸ் கூற்று. சட்டம் நீங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நகரில் மசூதி ஒன்றின் முன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் தீக்கிரையாயின. 1912-இல் கோகலே அங்குச் சென்று மந்திரிகளைக் கண்டபோதும் இதே கதைதான். 3 பவுன் வரி ஒழியும் என்ற நம்பிக்கையோடு அவர் திரும்பினார். நேட்டால் வெள்ளையரின் எதிர்ப்பைக் காரணம் காட்டி மந்திரிகள் கை விரித்தனர்.

ஆள்வோர் அளித்த இரண்டாம் விடை, அடியும் சிறையும். 1913 மார்ச்சில் நீதிபதி சர்ல், பலதார மணத்துக்கு இடந்தரும் மதச் சடங்கின்படி நடந்த திருமணம் அந்நாட்டில் செல்லாதென்று தீர்ப்பளித்தார். மானமுள்ள மனைவியர் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாராயினர். அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்மணிகள், பெரும்பாலும் தமிழர், சிலர் கைக்குழந்தைகளோடு, நேட்டாலின் நியூகாஸில் நகர் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் 3 பவுன் வரியைப் பற்றிப் பேசினர். சுரங்கங்கள் நின்றன. பெண்மணிகள் சிறை புகுந்தனர். நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆடவரும், 127 பெண்டிரும், 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். அவர்களைப் பிடித்து ரயிலேற்றித் திருப்பி அனுப்பிய சர்க்கார், சுரங்க வளைவுகளையே சிறைகளாக்கியது. சுரங்கத்து வெள்ளை உத்தியோகஸ்தரே சிறைக் காவலராயினர். வேலை செய்ய மறுத்தவர் முதுகில் கசையடி விழுந்தது. பலன் என்ன? கரையோரக் கரும்புத் தோட்டங்களிலும் பல்லாயிரவர் வேலையை நிறுத்தினர். மவுண்ட் எட்ஜ்கோம் முதலிய இடங்களில் துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் மாண்டனர்.

அந்நாளில் ஆட்சிப் பீடத்திலிருந்த ஒருவர் மட்டும் சரியான கேள்வியை முதலில் கேட்டார். அவர் இந்தியாவின் வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபு. 1913 நவம்பரில் சென்னையில் பேசுகையில், அச்சட்டங்கள் அநீதியானவை என்றும், அவற்றை எதிர்ப்போர்பால் இந்தியாவின் அனுதாபம் உண்டென்றும், கொடுமைகளைப் பற்றிப் பாரபட்சமற்ற விசாரணை வேண்டுமென்றும் வெளிப்படையாகக் கூறினார். ஏகாதிபத்தியத்தின் ஊழியர் அவர். நம்மைப் போன்றோரின் தோழரல்லர். எனினும், மேலதிகாரிகளுக்குக் கசக்குமென்று அறிந்தும் அவர் உண்மையைச் சொன்னார். அதன் பயனை மறைத்தல் நேர்மையன்று.

ஸ்மட்ஸ் இறங்கிவந்தார். டிசம்பரில் நீதிபதி சாலமன் தலைமையில் மூவர் கமிஷன் அமைந்தது. மூவரும் வெள்ளையர். இந்தியரைக் கலந்துகொள்ளாமல் அமைத்த கமிஷன் முன் சாட்சி சொல்லக் காந்தியார் மறுத்தார். ஆயினும் கமிஷன், வரியை ஒழிக்கவும் திருமணங்களை ஏற்கவும் பரிந்துரைத்தது. 1914-இல் அவ்வாறே சட்டமாயிற்று. அதற்குள் ஜோகன்னஸ்பர்க்கின் பதினாறு வயதுச் சிறுமி வள்ளியம்மை சிறையில் பெற்ற நோயால் பிப்ரவரி 22-ஆம் நாள் மறைந்துவிட்டாள். 1912-இல் பேனா முனையால் முடிந்திருக்கக் கூடிய காரியத்துக்கு அத்தனை உயிர்களை விலையாக வாங்கிய பின்னரே கையொப்பமிட்டது சர்க்கார்.

கதை இங்கு முடியின் நலம். முடியவில்லை. 1914-ஆம் ஆண்டு ஏற்பாட்டைப் பிரச்சினையின் முற்றுப்புள்ளியென ஸ்மட்ஸ் கருதினார். வாக்குரிமை, வியாபார லைசென்ஸ், நிலம் வாங்கும் உரிமை ஆகிய எதுவும் கிட்டவில்லை. அதே 1913-இல், அந்நாட்டின் சொந்த மக்களாகிய ஆப்பிரிக்கரை ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு நிலத்துக்குள் ஒடுக்கும் சட்டமும் நிறைவேறியது. இந்தியர் போராட்டம் அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. நம்மவர் வீரத்தைப் போற்றும் நாம் இக்குறையையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மிச்சம் வைத்த அநீதி வட்டியோடு திரும்பியது. 1945-இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையை வரைவதில் பங்குகொண்ட அதே ஸ்மட்ஸ், 1946-இல் பிரதமராக இருந்து, இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் வரையறுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ இரண்டாயிரவர் சிறை சென்றனர். இந்தியா இவ்வழக்கை ஐக்கிய நாடுகள் சபைக்கே கொண்டு சென்றது. 1947-இல் இந்தியத் தலைவர்களான டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதூவும், ஆப்பிரிக்கத் தலைவர் டாக்டர் சூமாவும் கூட்டாகக் கையொப்பமிட்டு ஒற்றுமை கண்டனர். 1948-இல் ஸ்மட்ஸ் தோற்றார். அவரினும் கொடிய நிறவெறியர் ஆட்சிக்கு வந்தனர். 1994-இல் எல்லா நிறத்தாரும் வாக்களிக்கும் வரை அந்நாடு செலுத்திய கடன் கொஞ்சமன்று.

இச்சரித்திரம் ஆள்வோருக்கு உணர்த்துவது தெளிவு. போராடுவோரின் தலைவனைத் தேடுமுன் அவர்களின் குறையைத் தேடுக. கொடுக்கும் வாக்கை எழுத்தில், நாள் குறித்துக் கொடுக்க. குறையுற்றோர்க்கு இடமில்லாத கமிஷன் அமைத்து நீதியென்று பெயரிடாதீர். ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்ததென்று பேரேட்டை மூடாதீர்.

அரசியல்வாதியை அளக்கும் இவ்வளவுகோல் நமக்கும் உரியது. 2020-இல் அமெரிக்கக் கறுப்பர் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரர் முழங்காலின்கீழ் மடிந்தபின் திரண்ட கூட்டங்களைப் பார்த்து, "இவர்களுக்கு வேறு வேலையில்லையா?" என்று கேட்டவர் நம்மிலும் உண்டு. 1913-இல் நியூகாஸில் சுரங்கத்தாரைப் பார்த்து வெள்ளை முதலாளி கேட்ட கேள்வியும் அதுவே. நம் பாட்டன்மார் பட்ட அடி நமக்கு வலிக்குமானால், பிறர் படும் அடியும் வலித்தல் வேண்டும். அவ்வாறு வலிக்கும் மக்களே, நீதியைக் கேட்கும் உரிமையோடு தம் அரசியல்வாதியின் முன் நிற்கத் தகுந்தவராவர்.