பூச்சு முடிஞ்சப்புறம் பைப்பு!

வீட்டுல பூச்சு வேலை முடிஞ்ச மறுநாள் எலக்ட்ரீசியன் வந்து, பைப் பதிக்கணும்னு புதுச் சுவரைக் கொத்த ஆரம்பிச்சார். வயிறெரிஞ்சு போய் சுந்தரவரதப் பெருமாள் கோயில்ல உட்கார்ந்தேன். (கும்பிட இல்லீங்க, ஹி ஹி.)

எட்டாம் நூற்றாண்டு, நந்திவர்ம பல்லவன் காலத்துக் கோயில். கீழே கருங்கல் அதிட்டானம், மேலே செங்கல்லும் சுதையும். மூணு தளம்: நின்ற, இருந்த, கிடந்த கோலத்தில் பெருமாள். மேலே போகப் படி உள்ளேயே ஏறுது. அடித்தளம் போடும்போதே மூணாவது தளத்தையும் படியையும் யோசிச்சிருக்கணும். பூச்சுக்கப்புறம் கொத்திச் சொருக முடியாதே! அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், கலசம்னு சிற்ப நூல்கள் சொல்ற ஆறு அங்கமும் கீழிருந்து மேலே வேலை நடக்குற வரிசைதான்.

ஊருக்குள்ளேயே வைகுண்டப் பெருமாள் கோயில்ல முதலாம் பராந்தகனோட 919, 921 குடவோலைக் கல்வெட்டுகள். வாரியத்துக்கு வரணும்னா வரி கட்டுற கால் வேலிக்கு மேல் நிலம் வேணும், சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும். முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவருக்கு மட்டுமில்ல, அவர் உறவுக்காரருக்கும் இடம் கிடையாது.

திரும்பி வந்து மேஸ்திரிகிட்ட கணக்கு கேட்டேன். "மொதல்ல சுவரை அடைச்சிடலாம் சார்"ங்கிறார்.