எந்தத் தெரு?

விழுப்புரம் டவுனில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நம் ஆட்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம். பேர், வேலை, எத்தனை உருப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் சும்மா கேட்பதுபோல் கேட்பார்கள்: "காணைன்னா, காணையில எந்தத் தெரு?" தெருவைச் சொன்னதும் வீட்டுக்கார அம்மாவுக்குத் திடீரென்று ஞாபகம் வரும், சொந்தக்காரப் பையன் குடிவரப்போவது. 1978 ஜூலையில் பெரிய காலனியைச் சேர்ந்த 12 தலித்துகளைக் கொன்ற ஊர் இது. கொலைக்காவது எண்ணிக்கை இருக்கிறது. இந்த மறதிக்குக் கணக்கு ஏது?

2019இல் ஒரு சாயங்காலம் இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி எனக்குச் சித்தப்பா மகள் முறை. இருவரும் துணிக்கடையில் வேலை. ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் துணையாக வாழ்கிறவர்கள். விஷயம் தெரிந்ததும் டவுன் வீட்டுக்காரர் நாலாம் மாசமே சாமானைத் தெருவில் வைத்துவிட்டார். "ண்ணே, ஒரு வூடு பாத்துக் குடுங்கண்ணே" என்றாள். தெருப் பேரில் ஒரு தரம், சேர்ந்து வாழ்வதில் ஒரு தரம் என்று அவளுக்கு இரண்டு பூட்டு.

எங்கள் காலனியிலேயே பெரியப்பாவின் தொகுப்பு வீடு காலியாகக் கிடந்தது. போய்க் கேட்டேன். "நம்மளே ஊருக்கு வெளிய கெடக்கறவங்க. இதையும் உள்ள வுட்டா ஊர்த்தெருக்காரன் என்னா பேசுவான்?" என்றார். சேரி என்று நம்மை ஒதுக்கியவன் என்ன பேசுவானோ என்று நாம் பயப்படுகிறோம். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர்கள் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

வீடு மறுக்கப்பட்ட வரலாற்றில் நமக்குத் தெரிந்த பெரிய பக்கம் பரோடா. 1917இல் மேல்படிப்பிலிருந்து திரும்பி மன்னரின் வேலையில் சேரப்போன அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் பொய்யாகப் பார்சிப் பெயர் எழுதி, ஒன்றரை ரூபாய் தினவாடகையில், ஆளரவமற்ற மாடியில் கிடந்தார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்றார்கள். இந்து நண்பர் ஒருவர், கிறித்தவ நண்பர் ஒருவர், இருவரிடமும் இடம் கேட்டார். இருவரும் நழுவினார்கள். பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலேறினார். தடி ஏந்தியவர்களைவிட நழுவிய நண்பர்கள்தான் என்னை உறுத்துகிறார்கள். பெரியப்பா வீட்டுத் திண்ணையிலிருந்து நானும் அப்படித்தான் எழுந்து வந்தேன்.

சட்டம் என்ன செய்தது? அரசியல் சாசனத்தின் 15(2) கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. வாடகை வீடு அதில் கிடையாது. 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம்தான் (1976இல் குடியியல் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது) 4ஆம் பிரிவில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமை காட்டித் தடுப்பது குற்றம் என்றது. நல்ல வாசகம். ஆனால் வீட்டுக்கார அம்மா சாதியைச் சொல்வதேயில்லையே, சொந்தக்காரப் பையனைத்தானே சொல்கிறார்! 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர் பார்சியாகத்தான் இருக்கவேண்டும் என்ற விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

பாலின ஒதுக்கலுக்கும் பழைய ரிஜிஸ்தர் உண்டு. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வெள்ளைக்காரன் 'அலிகள்' என்று வகைப்படுத்தியவர்களின் பெயரையும் குடியிருப்பையும் போலீஸ் கணக்கில் ஏற்றச் சொன்னது. சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்கு வரும் திருநங்கைகளால் விழுப்புரம் லாட்ஜுகள் நிரம்பும். விழா முடிந்த மறுநாள் அதே ஊரில் ஒரு திருநங்கை மாத வாடகைக்கு வீடு கேட்டால் கதை வேறு. 2014இன் நால்சா தீர்ப்புக்குப் பிறகு, 2019ஆம் வருஷத்துத் திருநர் உரிமைச் சட்டம் வாடகை மறுப்பையும் பாகுபாடு என்று தடை செய்தது. வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ துரத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் சிறை. வீடு தர மறுத்தவனுக்கென்று அதில் தண்டனைப் பிரிவு கிடையாது.

என் தங்கச்சிக்கு அதுவும் பொருந்தாது, அவள் திருநர் அல்ல. 2018 செப்டம்பர் 6இல் 377இன் பிடி தளர்ந்தது, அவள் குற்றவாளி இல்லை என்றானது. குற்றமில்லை என்பதால் யாராவது சாவி கொடுத்தார்களா? வீட்டாருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்டவர்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்வது அரசின் பொறுப்பு என்றார். அதன் தொடர்ச்சியாக 2022இல் போலீஸ் நடத்தை விதிகளும் திருத்தப்பட்டன. 2025 மே மாதம் அதே உயர்நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. ஒரே ரேஷன் கார்டில் இவர்களைச் சேர்க்கலாம் என்று ஒன்றிய அரசு 2024இல் மாநிலங்களுக்குச் சொன்னது. தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டமோ ஒப்பந்தத்தை எழுதிப் பதியச் சொல்கிறது. யாருக்கு மறுக்கக்கூடாது என்று அதில் ஒரு வரி இல்லை.

போன மாசம் தங்கச்சி போன் பண்ணினாள். வாடகை ஒப்பந்தத்தில் 'அக்கா தங்கச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்களாம். "பொய்தாண்ணே. மாட்டிக்குவமா?" என்றாள். பரோடாவில் எழுதிய பார்சிப் பெயரைப் பற்றிச் சொன்னேன். பதினோரு நாள் என்றதும் சிரித்தாள். "எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஓடிடுச்சுண்ணே."

பெரியப்பா வீடு இன்னும் காலிதான். பொங்கலுக்கு அவளை வரச்சொல்லியிருக்கிறேன். அதற்குள் அவரிடம் போய் உட்காரவேண்டும்.