யூத ஞாபகார்த்த வெள்ளி நாணயங்களும் பதக்கங்களும்

யூத மக்களின் சரித்திரத்தையும் சமயத்தையும் அவர்களுள் புகழ்பெற்ற ஸ்திரீ புருஷர்களையும் நினைவுபடுத்தும்பொருட்டு வெள்ளியில் அச்சிடப்பெற்ற நாணயங்களும் பதக்கங்களும் நாணயவியலில் ஒரு தனிப் பிரிவாக வளர்ந்திருக்கின்றன. நாணயம் அரசின் ஆணையினால் மதிப்புப் பெற்றுக் கைமாறுவது. பதக்கம் அத்தகைய செலாவணி உரிமை யில்லாமல், ஒரு நிகழ்ச்சியையோ ஒரு மனிதரையோ போற்றுவதற்காக, சில வேளைகளில் தூற்றுவதற்காகவும், செய்யப்படுவது. பிற நாட்டுத் தொகுதிகளுக்கு இல்லாத ஒரு விசேஷம் இத்தொகுதிக்கு உண்டு. சொந்த அரசும் அக்கசாலையும் இன்றி ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு ஜனசமூகத்தின் வரலாறாதலால், இதில் ஒரு பாதி யூதர் தம்மைக் குறித்துத் தாமே பொறித்தது. மறுபாதி, அவர்களை ஆண்டவர்களும் வென்றவர்களும் வெறுத்தவர்களும் பொறித்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்காதவனுக்கு இத்தொகுதியின் முழுப் பொருளும் விளங்காது.

பாரசீகச் சக்கரவர்த்திகளின் ஆட்சியில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், யூதேயா மாகாணத்தின் பெயரைப் பழைய எபிரேய லிபியில் தாங்கிய மிகச் சிறிய வெள்ளிக் காசுகள் வெளிவந்தன. அவற்றுட் பல ஆதென்ஸ் நகரத்து ஆந்தைக் காசைப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஆயினும் எருசலேம் தேவாலயத்தின் வாழ்வோடு நெருங்கிப் பிணைந்திருந்த வெள்ளி அயல்நாட்டு வெள்ளியே. யாத்திராகமத்தில் விதிக்கப்பட்ட அரைச்சேக்கல் காணிக்கையைச் செலுத்துவதற்குத் தீரு நகரத்துச் சேக்கலே ஏற்றதாகக் கொள்ளப்பட்டது. அதன் ஒரு முகத்தில் மெல்கார்த் என்னும் தீரு தெய்வத்தின் தலையும், மறுமுகத்தில் கழுகும் இருந்தும், விக்கிரகங்களை அறவே வெறுத்த ஆசாரியர்கள் அதை ஏற்றுக்கொண்டதற்கு அவ்வெள்ளியின் சுத்தமும் எடையின் நிதானமுமே காரணம். யூதாஸ் பெற்றதாகச் சுவிசேஷம் கூறும் முப்பது வெள்ளிக்காசும் இவ்வகையினவே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்தாதலால், கிறிஸ்தவ நாடுகளிலும் தீருச் சேக்கலைத் தேடுவோர் எக்காலத்தும் இருந்து வந்திருக்கின்றனர்.

கி.பி. 66இல் ரோமருக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, எருசலேமிலிருந்த கலகத் தலைவர்கள் செய்த முதற்காரியங்களுள் ஒன்று சொந்த வெள்ளிச் சேக்கலை அச்சிட்டதாகும். சுமார் 14 கிராம் எடையுள்ள அக்காசில் ஒருபுறம் தேவாலயப் பாத்திரமும், மறுபுறம் ஒரே காம்பில் மூன்று மாதளை மொட்டுகளும் காணப்படும். 'இஸ்ரவேலின் சேக்கல்', 'பரிசுத்த எருசலேம்' என்னும் வாசகங்கள், அக்காலத்து மக்கள் அன்றாடம் எழுதிய எழுத்தில் அன்றி, பூர்வீக அரசர் காலத்து லிபியில் பொறிக்கப்பட்டன. ஒவ்வொரு காசிலும் கலகத்தின் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. ஐந்தாம் ஆண்டு பிறந்த சில மாதங்களுக்குள், கி.பி. 70இல், நகரம் வீழ்ந்து தேவாலயம் எரிந்துபோனமையால், ஐந்தாம் ஆண்டுச் சேக்கல் கிடைத்தற்கரியதாயிற்று. வென்ற வெஸ்பாசியனும் அவன் மகன் தீத்துவும், பேரீச்ச மரத்தடியில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் உருவத்தோடு, 'யூதேயா அடிமைப்பட்டது' என்ற வாசகம் பொறித்துப் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் காசுகளை அடித்துச் சாம்ராஜ்யமெங்கும் பரப்பினார்கள். ஒரு சிறு மாகாணத்தின் தோல்வியை இவ்வளவு காசுகளில் பறைசாற்றியது, அக்கலகம் ரோமாபுரியை எவ்வளவு கலங்கச் செய்தது என்பதற்கே சான்று என்று கொள்ளலாம்.

பார் கொக்பா தலைமையில் 132 முதல் 135 வரை நிகழ்ந்த இரண்டாம் பெருங்கலகத்தின் வெள்ளிக் காசுகள் இவற்றினும் உள்ளத்தைத் தொடுவன. அவனுக்குப் புதிய வெள்ளிக்கு வழியில்லை. ஆகவே புழக்கத்திலிருந்த ரோமக் காசுகளையே எடுத்து, சக்கரவர்த்தியின் முகத்தின்மீது, இடிந்துபோன தேவாலயத்தின் முகப்பையும், கூடாரப் பண்டிகையில் ஏந்தும் குருத்தோலைக் கற்றையையும் எலுமிச்சை இனத்துக் கனியையும் திரும்ப அச்சிட்டான். நன்கு உற்று நோக்கினால், சில காசுகளில், எபிரேய எழுத்துகளுக்கிடையே சக்கரவர்த்தியின் மூக்கு நுனியோ லத்தீன் எழுத்தொன்றோ இன்னமும் தெரியும். இவ்வெச்சம் துலங்கும் காசைக் குறையுள்ளதென ஒதுக்குபவர்களும் உண்டு. அதுவே அதன் தலையாய சிறப்பு என்று கருதுவோர் பக்கமே நியாயம் இருக்கிறது.

இதன் பின்னர் நெடுங்காலம் யூதர்க்குச் சொந்த நாணயம் இல்லை. போலந்து நாட்டில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியை யொட்டி, மன்னனின் அக்கசாலையை யூதர்கள் நடத்திய காரணத்தால், எபிரேய எழுத்துகள் பொறித்த மெல்லிய ஒருமுக வெள்ளிக் காசுகள் வெளிவந்தது ஒரு வியப்பான விதிவிலக்கு. பழைய சேக்கலை ஓர் அறிஞர் கையிலெடுத்து ஆராய்ந்த முதற் செய்திகளுள் ஒன்று 1267ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஸ்பெயினிலிருந்து கப்பலேறி ஆக்கர் துறைமுகம் வந்தடைந்த ரப்பி மோசே பென் நாக்மான், அங்கே ஒரு வெள்ளிக் காசைக் கண்டு, அதன் எழுத்து தமக்கு விளங்காமையால், அப்பழைய லிபியைக் கைவிடாது காத்துவந்த சமாரியரிடம் காட்டி வாசிக்கச் செய்து, அதன் எடையையும் நிறுத்தறிந்து, தம் வேத வியாக்கியானத்தின் இறுதியில் அச்செய்தியைச் சேர்த்துவைத்தார். ஆயுட்காலம் முழுதும் ஏட்டில் ஓதிய சேக்கலின் எடையைக் கடைசியில் தம் கையாலேயே அறிய நேர்ந்த அம்முதியவரின் மகிழ்ச்சி அவ்வரிகளில் நன்கு புலப்படுகிறது.

மாதளை மொட்டுகளை ஆரோனின் துளிர்த்த கோல் என்றும், பாத்திரத்தை மன்னா வைத்த கலசம் என்றும் அவர் கொண்ட கருத்து ஐரோப்பா முழுவதும் பரவிற்று. அக்கருத்தையே அச்சாக வடித்து, 16ஆம் நூற்றாண்டு முதல் ஜெர்மனியில் போலிச் சேக்கல்கள் செய்யப்பட்டன. எருசலேமின் திருக்கல்லறையைப் போலவே கட்டப்பட்ட ஆலயத்தைத் தரிசிக்க கெர்லிட்ஸ் நகருக்கு வந்த யாத்திரிகர்களுக்கு அவை விற்கப்பட்டமையால், கெர்லிட்ஸ் சேக்கல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. துளிர்த்த கிளையும் புகையெழும் கலசமும், பழைய லிபிக்குப் பதிலாகப் பிற்காலத்துச் சதுர எபிரேய எழுத்தும் இவற்றின் அடையாளங்கள். ஏமாற்றும் நோக்கத்தினும் பக்தியே இவற்றில் மிகுந்திருந்ததாகத் தோன்றுவதால், இன்று இவற்றையே தனியாகத் திரட்டுவோரும் உளர். உண்மைச் சேக்கலைக்கூட மக்கபேயரான சீமோன் காலத்தது என 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் மயங்கினர். 1963 முதல் 1965 வரை யிகாயேல் யாதின் மசாதாக் கோட்டையை அகழ்ந்தபோது, ஐந்தாம் ஆண்டுக் காசு உட்பட, சேக்கல்கள் கலகக் காலத்துப் பொருள்களோடு கிடைத்தமையால் ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று.

பதக்கக் கலை இத்தாலியில் மலர்ந்த காலத்தில், 1558இல், பஸ்தொரினோ என்னும் சிற்பி கிராசியா நாசி என்ற இளம் யூதப் பெண்ணின் உருவத்தை அவள் பெயரின் எபிரேய எழுத்துகளோடு வார்த்தான். வெள்ளியன்று வெண்கலமேயாயினும், யூதர் பதக்க வரலாறு இதனின்றே தொடங்கப்படுவது வழக்கம். வெள்ளியில் பெருவாரியாக வந்தவை, வருந்தத்தக்கவாறு, வசைப் பதக்கங்களே. 1694ஆம் ஆண்டுப் பஞ்சத்தை யொட்டி, கோதா நகரத்துக் கிறிஸ்தியான் வெர்முத் வெளியிட்ட 'தானிய யூதன்' பதக்கத்தில், மூட்டை சுமந்து செல்லும் ஒரு மனிதனும், அம்மூட்டையின்மேல் ஒரு பிசாசும் காட்டப்பட்டு, தானியத்தைப் பதுக்குகிறவனைச் சபிக்கும் நீதிமொழி மறுபுறம் பொறிக்கப்பட்டது. விளைச்சல் பொய்த்தமைக்கும் விலையேறியமைக்கும் ஓர் ஏழைச் சமூகத்தின்மீது பழி சுமத்திய இப்பதக்கம் பிற்காலத்துப் பஞ்சங்களிலும் புதிது புதிதாக அச்சிடப்பட்டது.

இதற்கு விடைபோல அமைந்தது பெர்லின் நகரத்தில் யாக்கோபு ஆபிரகாமும் அவர் குமாரர் ஆபிரகாம் ஆபிரம்சனும் செய்த பணி. பிரஷ்ய அரசரின் அக்கசாலையில் முத்திரை வெட்டிய இவ்யூதர்கள், தத்துவஞானி மோசே மெண்டெல்சோன் உயிரோடிருந்தபோதே, 1774இல், அவருக்கு ஒரு பதக்கம் செய்தனர். முகப்பில் அவருடைய பக்கவாட்டு உருவமும், மறுபுறத்தில் ஒரு மண்டையோட்டின்மேல் அமர்ந்த வண்ணத்துப்பூச்சியும், ஆன்மாவின் அழியாமையைக் குறித்து அவர் இயற்றிய 'பீடோன்' என்னும் நூலின் பெயரும் உள்ளன. கூனல் விழுந்த முதுகும் மெலிந்த தேகமும் கொண்ட ஒருவரை, அரசர்களுக்கே உரியதாயிருந்த கௌரவத்தோடு உலோகத்தில் நிறுத்திய இப்பதக்கத்துக்கு ஈடாக இத்துறையில் வேறொன்றைக் கூறுவது எளிதன்று. ஆபிரம்சன் 1808இல் வெஸ்ட்பாலியா ராஜ்யத்தில் யூதர்க்குச் சம உரிமை கிடைத்ததையும் ஒரு பதக்கத்தால் கொண்டாடினார். நெப்போலியனின் ஆணையை நினைவுகூரும் 1806ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பதக்கத்திலோ, மோசே மண்டியிட்டுச் சட்டப் பலகைகளோடு சக்கரவர்த்தியின் முன்னே இருக்கிறார். விடுதலை கொடுத்தவன் விடுதலை பெற்றவரை எங்ஙனம் கண்டான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஜெபாலயத் திறப்பு விழாக்களுக்கும் தர்மவான்களின் ஜன்மதினங்களுக்கும் எண்ணிறந்த பதக்கங்கள் வந்தன. 1884இல் மோசஸ் மாண்டிபியோர் நூறாம் பிராயத்தை எட்டியபோது வெளியானவையே பல. 1898இல் பாஸலில் கூடிய இரண்டாம் சியோனிச மகாசபைக்குச் சாமுவேல் பிரீட்ரிக் பேயர் என்ற சிற்பி பதக்கம் அமைத்தார்.

இஸ்ரேல் அரசு தோன்றிப் பத்தாண்டு நிறைந்த 1958ஆம் ஆண்டே இக்கலையின் நவீன யுகத்துக்குத் தொடக்கம். ஏழுகிளைக் குத்துவிளக்கைத் தாங்கிய ஐந்து லிரா வெள்ளி நாணயம், 25 கிராம் எடையில், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் சுத்தத்தில் வெளிவந்தது. அதே ஆண்டில் வெளியான விடுதலைப் பதக்கம், வெஸ்பாசியனின் அடிமைப்பட்ட யூதேயாவை ஒரு முகத்திலும் விடுதலைபெற்ற இஸ்ரவேலை மறுமுகத்திலும் வைத்து, பத்தொன்பது நூற்றாண்டுக்கு முந்திய ரோமக் காசுக்கு நேரடியாக மறுமொழி கூறிற்று. பின்னர் ஆண்டுதோறும் நாணயங்கள் தொடர்ந்தன. ஹெர்ஸலின் நூற்றாண்டு (1960), கடற்பயணம் (1963), எருசலேமின் மேற்குச் சுவரைக் காட்டும் போர்வெற்றி நாணயம் (1967) ஆகியவை பெயர்பெற்றன. 1963ஆம் ஆண்டு நாணயம் குறைந்த தொகையில் அச்சிடப்பட்டமையால் இன்றும் இவ்வரிசையில் அரிதாகக் கருதப்படுகிறது. மெருகிட்ட விசேஷப் பிரதிகள் 'மேம்' என்னும் எபிரேய எழுத்தால் அடையாளப்படும்.

வழிபாட்டுப் பயனை முன்னிட்டு வந்த நாணயமும் இவற்றில் உண்டு. முதற்பேறான ஆண்மகவை ஐந்து சேக்கல் கொடுத்து மீட்கும்படி எண்ணாகமம் விதித்திருத்தலின், அச்சடங்குக்கென 1970 முதல் 26 கிராம் எடையுள்ள பத்து லிரா வெள்ளி நாணயம் வெளியிடப்பட்டது. ஒன்றில் 23.4 கிராம் சுத்த வெள்ளி யிருப்பதால், ஐந்து நாணயம் சேர 117 கிராமாகிறது. சேகரிப்போரின் பெட்டியில் உறங்காமல் தந்தையின் கையிலிருந்து ஆசாரியனின் கைக்குச் செல்வதற்கென்றே பிறந்த இந்நாணயம், ஞாபகார்த்த நாணயங்களுள் தனிப்பெருமை உடையது. ஹனுக்கா பண்டிகை நாணயங்கள் வெவ்வேறு தேசத்து யூதரின் விளக்குகளைச் சித்திரித்தன: 1972இல் ருஷ்யா, 1974இல் தமாஸ்கு, 1984இல் நாஜிகளின் தெரேசின்ஷ்டாட் முகாம், 1990இல் நம் அண்டையிலுள்ள கொச்சி.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்து மாக்னெஸ் காட்சிசாலையைச் சார்ந்து 1969இல் தொடங்கிய அமெரிக்க யூதப் பெரியோர் வரிசை, வட்டத்தை விட்டுச் சரிவக வடிவத்தில் பதக்கங்களை அமைத்தது. ஐன்ஸ்டைன், கெர்ஷ்வின், எம்மா லாசரஸ் முதலியோர் அதில் இடம்பெற்றனர். அப்பத்தாண்டில் சந்தா முறையில் விற்ற நீண்ட வெள்ளித் தொடர்கள் பலவும் வந்தன. ஆனால் 1979இன் தொடக்கத்தில் அவுன்ஸுக்குச் சுமார் 6 டாலராயிருந்த வெள்ளி விலை 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியபோது, உலகெங்கும் ஏராளமான வெள்ளிப் பதக்கங்கள் உருக்காலைக்குப் போயின. ஆகவே ஒரு தொடரின் வெளியீட்டுத் தொகையைக் கொண்டு எஞ்சியவற்றைக் கணக்கிடுதல் தகாது.

இஸ்ரேல் அரசுப் பதக்கங்களின் விளிம்பில் அரசின் முத்திரையும் வரிசை எண்ணும் வெள்ளியின் சுத்தமும் பொறிக்கப்பட்டிருத்தல் வாங்குவோருக்குத் துணை; பழைய சேக்கலுக்கோ எடை, லிபி, விளிம்பில் வார்ப்பின் தழும்பு ஆகியவையே பரீட்சை. காலம் பூசிய கருமையைத் தேய்த்து விளக்குவது எவ்வகைப் பதக்கத்துக்கும் கேடு. நூல்களுள், பிரடெரிக் மாடனின் 1864ஆம் ஆண்டு யூத நாணய வரலாறு இத்துறைக்கு வழிதிறந்தது. யாக்கோபு மெஷோரரின் ஆராய்ச்சிகள் அதை இக்காலத்துக்குக் கொணர்ந்தன. நியூயார்க் யூதக் காட்சிசாலைக்குத் தம் பெருந்தொகுதியை அளித்த சாமுவேல் பிரீடென்பெர்கும் அவர் மகன் டானியலும் பதக்கங்களில் முன்னோடிகள். வசைப் பதக்கங்களைத் தனியே வகைப்படுத்திய புரூனோ கிர்ஷ்னரின் ஜெர்மன் நூல் 1968இல் வெளிவந்தது. அருவருப்பினால் பிறர் விட்டுவிட்ட ஒரு சாட்சியத்தை முறைப்படி பதிவுசெய்தமையால், போற்றிப் பொறித்த பதக்கங்களை மட்டுமே சேர்ப்பவருக்கும் அது இன்றியமையாத நூலாகவே இருக்கிறது.