மகாராணியார் காலத்துப் புகையும் வைத்தியரும்

விக்டோரியா மகாராணியார் 1837 ஆம் ஆண்டில் அரியணையேறி, 1901 ஆம் ஆண்டு தை மாதத்தில் மறையும்வரை 63 ஆண்டுகளுக்கு மேலாகப் பிரித்தானிய சாம்ராச்சியத்தை ஆண்டார். அவருக்குப் புகையிலைப் புகை என்றாலே ஆகாது. அவருடைய மாளிகைகளில் விருந்தினராகத் தங்கியவர் விரும்பிய இடத்திலிருந்து புகைக்க முடியாது. அதற்கென ஒதுக்கிய அறையைத் தேடிப் போதல் வேண்டும். வின்ட்சர் கோட்டையில் தங்கிய பெரிய மனிதர் ஒருவர், இரவிலே படுக்கையறைக் கணப்படுப்பின் முன் தரையில் படுத்துக்கொண்டு, சுருட்டுப் புகையைப் புகைபோக்கிக்குள் ஊதினார் என்று ஒரு கதை உண்டு. அதே மகாராணியார் ஸ்கொத்லாந்து மலைப்பக்கத்தில் கடிபூச்சிகளின் தொல்லை பொறுக்கமாட்டாமல் ஒருமுறை தாமே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார் என்பது மற்றொரு கதை. இரண்டும் கதைகளே, ஆயினும் அக்காலத்தவர் மனநிலையை இவை நன்கு காட்டுகின்றன. வெறுப்பும் விருப்பும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

அந்த நெடிய ஆட்சிக்காலத்திலேதான் புகைத்தல் உடலுக்குத் தீங்கு செய்யுமா என்ற வினா இங்கிலாந்தின் வைத்தியர்களிடையே பெரும் வழக்காக மூண்டது. பைத்தியம், பக்கவாதம், குருடு, மலடு, சோம்பல், குடிவெறி என்று எத்தனையோ குற்றங்களைப் புகையிலையின் மேல் சுமத்தினார்கள். ஆயின், பின்னர் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரம் அந்தக் குற்றப்பத்திரிகையிலே இடம்பெறவில்லை. இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் வாதாடியும் அது ஏன் கண்ணில் படவில்லை? விடை காண, முதலில் அவர்கள் எப்படிப் புகைத்தார்கள் என்பதைப் பார்த்தல் வேண்டும்.

மகாராணியார் ஆட்சிக்கு வந்தபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் நாகரிகமாகிய மூக்குத்தூள் மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. தொழிலாளர் கையில் களிமண் சுங்கான். சீமான்கள் கையில் சுருட்டு. 1808 முதல் 1814 வரை ஸ்பானிய மண்ணில் போர் செய்து மீண்ட படையினர் கொண்டுவந்த பழக்கம் அது. யாழ்ப்பாணத்து வாசகருக்குச் சுருட்டை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை; ஆனால் ஆங்கிலத்திலுள்ள 'செரூட்' என்ற சொல்லே நமது 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லாமல் விடவும் மனமில்லை. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு அக்காலத்து இலண்டனில் பெயர்பெற்றிருந்தது. 1887 இல் வெளிவந்த முதற் கதையிலேயே ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளர், தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டு கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுவிடுகிறார்.

கனவான்கள் உணவுக்குப்பின் தனி அறைக்குச் சென்று, அதற்கென்றே தைத்த வெல்வெட் மேலங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியும் அணிந்து புகைப்பார்கள். பெண்மணிகள் முன்னே செல்லும்போது உடையிலும் தலைமயிரிலும் நாற்றம் வீசலாகாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. தாயார் வெறுத்த புகையை மகன் எட்வேட் இளவரசர் விடாது விரும்பினார். ஒரு பழைய கழகம் அதன் பொதுக்கூடத்தில் புகைக்க இடங்கொடாது என்று கண்டபின், 1869 இல் அவர் ஆதரவோடு மார்ல்பரோ கழகம் தோன்றியது. புகையிரதத்திலும் இதே இழுபறி. முதலில் கம்பனிகள் புகைத்தலைத் தடைசெய்தன. 1868 ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டி உள்ள தொடர்களில் புகைப்போருக்குத் தனியிடம் ஒதுக்குமாறு கட்டளையிட்டது. இங்கெல்லாம் கவலை நாற்றம் பற்றியது, மரியாதை பற்றியது, நோய் பற்றியதன்று.

உண்மையில், புகை மருந்தாகவும் கொள்ளப்பட்டது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் அண்டர்சன், தொய்வுக்கு ஊமத்தையைப் புகைக்கும் இந்திய முறையை அறிந்து அதனைப் பரிந்துரைத்தார். 1802 அளவில் ஜெனரல் ஜென்ற் என்பவர் வழியாக அது பிரித்தானியா சேர்ந்தது. நம்மூர் வேலியோரத்தில் ஒருவரும் சீந்தாமல் நிற்கும் செடியின் இனம், சில பத்தாண்டுகளில் 'ஜோய்ஸ்' என்ற பெயரில் தொய்வுச் சிகரெட்டாகப் பெட்டியில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்துவிட்டது. இதை முழு மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. ஊமத்தையிலுள்ள சத்து மூச்சுக்குழாய்களைத் தளர்த்தும் என்பதைப் பின்வந்த விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது. தாமே தொய்வு நோயாளியாகிய ஹென்றி ஹைட் சால்ற்றர் 1860 இல் தொய்வு பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், புகையிலையையும் ஒரு மருந்தாகச் சேர்த்திருக்கிறார். பழக்கமில்லாதவன் புகைத்தால் தலைசுற்றிக் குமட்டும். அந்தத் தளர்ச்சியிலே மூச்சிறுக்கம் விட்டுப்போகும் என்பது அவர் கருத்து. நோய்க்கு நோயே மருந்து!

அன்றியும், நோயெல்லாம் கெட்ட காற்றினாலும் துர்நாற்றத்தினாலும் பரவுகின்றது என்று நம்பிய காலம் அது. பிணம் அறுத்துப் படிக்கும் மாணவர் புகைத்துக்கொண்டே அறுத்தனர். நாற்றத்தை மறைப்பது நோயையும் மறிக்கும் என்று எண்ணியவர்க்குச் சுங்கான் ஒரு காவலாகவே தோன்றியது.

புகையிலையிலே கொடிய நஞ்சு உண்டு என்பது தெரியாமலும் இருக்கவில்லை. 1828 இல் ஹைடல்பேர்க் நகரில் பொஸெல்ற், றைமன் என்னும் இருவர் நிக்கொட்டீனைப் பிரித்தெடுத்தனர். 1850 இல் பெல்ஜிய நாட்டில் பொகார்மே என்னும் பிரபு, சொத்துக்காக மனைவியின் சகோதரனை அந்த நஞ்சினாலேயே கொன்றார். உடலில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் ஸ்ராஸ் என்னும் இரசாயன அறிஞர் புதுமுறை ஒன்றை வகுத்து, பிணத்தின் உறுப்புகளிலிருந்தே நிக்கொட்டீனைப் பிரித்துக் காட்டினார். 1851 இல் பிரபுவின் தலை உருண்டது. அந்த வழக்கை ஐரோப்பா முழுவதும் படித்தது. படித்துவிட்டு மறுபடியும் சுங்கானைப் பற்றவைத்தது.

இனிப் பெருவழக்கிற்கு வருவோம். இலண்டன் சென்ற் தோமஸ் மருத்துவமனையில் சத்திரவைத்தியராயிருந்தவர் சாமுவேல் சொல்லி. 1856 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகையில் அவருடைய விரிவுரை ஒன்று வெளியாயிற்று. அறிவு மழுங்கி, நாக்குத் தடுமாறி, கைகால் விழுந்து மனிதன் மாளும் பொதுப்பக்கவாதம் என்னும் நோய் நாட்டிலே பெருகுகின்றது. அதற்குப் புகைத்தலும் ஒரு காரணம் என்று அவர் சொன்னார். மறுப்பும் ஆதரவும் வாரந்தோறும் குவிந்தன. ஏறக்குறைய 50 வைத்தியர்கள் அந்த வாதத்திலே கலந்துகொண்டனர். 'புகையிலைப் பெருஞ்சண்டை' என்ற பெயரும் அதற்கு வந்தது.

அந்தச் சண்டையிலே வெளிவந்த நியாயங்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒருவர் தம்மிடம் வந்த நோயாளியைக் காட்டுவார்: அவன் நாள் முழுவதும் புகைத்தான், ஆகவே கெட்டான். எதிர்த்தவர் துருக்கரையும் ஜெர்மானியரையும் காட்டுவார்: அவர்கள் நம்மைவிட அதிகமாகப் புகைக்கிறார்கள், கெட்டா போனார்கள்? மூன்றாமவர், அந்த நோயாளி குடிகாரனும் அல்லவா என்பார். எல்லாரும் தம் அநுபவத்தைச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தவர் இல்லை. புகைப்பவரில் இத்தனை பேர், புகையாதவரில் இத்தனை பேர் என்று இரு நிரையாக வைத்து ஒப்பிடும் எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. இறுதியில் 1857 இல் சஞ்சிகையார் நடுவழி ஒன்றைச் சொல்லி முடித்தனர்: அளவோடு புகைத்தால் பாதகமில்லை, காலையில் புகைத்தலும், நாளொன்றுக்கு ஓரிரண்டு சுங்கானுக்கு மேற்போவதும், இளைஞர் புகைத்தலும் அளவு கடந்தவை. மிதமாகப் புகைப்பவனுக்கு இதைவிட இனிய தீர்ப்பு வேறென்ன வேண்டும்?

சொல்லியின் வாதம் பிழைதான். பொதுப்பக்கவாதத்திற்குக் காரணம் மேகநோய்க் கிருமி என்பது, 1913 இல் நொகுச்சி, மூர் என்போர் நோயாளிகளின் மூளையிலேயே அக்கிருமியைக் கண்டபோது உறுதிப்பட்டது. பிழையான குற்றத்தைச் சுமத்தினால் உண்மைக் குற்றவாளியும் தப்பிவிடுவான் அன்றோ? எடின்பரோ நகரத்துச் சத்திரவைத்தியர் ஜோன் லிசார்ஸ், சுங்கான் புகைப்போருக்கு உதட்டிலும் நாக்கிலும் புற்றுநோய் உண்டாவதை எடுத்து எழுதினார். அது கண்ணாற் கண்ட உண்மை. 1795 இலேயே சோமறிங் என்ற ஜெர்மானியர் உதட்டுப் புற்றைச் சுங்கானோடு தொடர்புபடுத்தியிருந்தார். ஆனால் லிசார்ஸ் அதனோடு வேறு பல நோய்களையும் சேர்த்துக் கட்டினார். 1853 இல் தோமஸ் றெனோல்ட்ஸ் தொடங்கிய புகையிலை எதிர்ப்புச் சங்கமும், புகை குடிக்கு வழிகாட்டும், குடி நரகத்திற்கு வழிகாட்டும் என்ற பாணியிலேயே பிரசாரம் செய்தது. வைத்தியமும் ஒழுக்கப் போதனையும் ஒரே பானையில் வெந்தன. புகைப்பவன் இரண்டையும் சேர்த்தே கொட்டிவிட்டான். சேர் பெஞ்சமின் புரோடி போன்ற முதிர்ந்த வைத்தியர் 1860 இல் 'ரைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதியும் பெரும்பயன் விளையவில்லை.

நுரையீரல் புற்றுநோய் அவர்கள் கண்ணில் படாததற்கு அவர்களை மட்டும் குறைகூறலாகாது. அந்நோய் அக்காலத்தில் உண்மையிலேயே அரிது. 1912 இல் ஐசாக் அட்லர் என்ற அமெரிக்க வைத்தியர் அதுபற்றி ஒரு நூல் எழுதியபோது, உலகெங்குமிருந்து 374 நோயாளரின் விவரங்களையே திரட்ட முடிந்தது; இத்தனை அரிய நோய்க்கு ஒரு தனிநூலா என்று அவரே தயங்கி எழுதுகிறார். சுங்கானிலும் சுருட்டிலும் எழும் புகை காரத்தன்மை உடையது, தொண்டையை உறுத்தும். அதிலுள்ள நிக்கொட்டீன் வாயின் தோலிலேயே ஊறிவிடுவதால், புகையை நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையில்லை. ஆகவே பழைய புகைப்பாளர் உதட்டிலும் நாக்கிலும் நோய் கண்டனர். சிகரெட்டுக்கு எடுக்கும் வேர்ஜீனியா இலையோ, சூளையிற் பதப்படுத்தப்பட்டதால் மென்மையான, சற்றே புளிப்புத்தன்மையுள்ள புகையைத் தரும். அது வாயில் ஊறாது. உள்ளே இழுத்தால்தான் பயன். இழுக்கவும் எளிது.

இந்தச் சிகரெட், கிரைமியப் போரிலே (1853–1856) துருக்கரோடும் பிரெஞ்சுக்காரரோடும் பழகிய ஆங்கிலப் படையினர் வழியாக நாட்டில் பரவத் தொடங்கியது. முதலில் கையாற் சுருட்டினார்கள். தேர்ந்த தொழிலாளி நிமிடத்துக்கு நாலைந்து சுருட்டலாம். 1881 இல் ஜேம்ஸ் பொன்சாக் என்ற 21 வயது வேர்ஜீனிய இளைஞன், நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சிகரெட் சுருட்டும் யந்திரத்துக்கு உரிமம் பெற்றான். 1883 இல் பிறிஸ்ரல் நகர வில்ஸ் கம்பனி அந்த யந்திரத்தின் பிரித்தானிய உரிமையை வாங்கியது. 1888 இல் ஒரு பென்னிக்கு ஐந்து வீதம் 'வுட்பைன்' சந்தைக்கு வந்தது. பத்திரிகைப் பையனும் வாங்கக்கூடிய விலை! வைத்தியர்கள் பழைய சுங்கானோடு மல்லாடிக்கொண்டிருக்க, வேறொரு பழக்கம் பின்வாசலால் நுழைந்துவிட்டது.

அதே 1888 இல் கிழக்கு இலண்டனில் பிறயன்ற் அன்ட் மே நெருப்புக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். புகைப்பவன் உரசும் குச்சிக்காக வெண்பொசுபரசில் கைவைத்த ஏழைகளின் தாடையெலும்பு அழுகியது. எந்தப் புகையிலைச் சண்டையிலும் இவர்களுக்காக வாதாடியவரைக் காணோம்.

போயர் யுத்தத்தில் (1899–1902) படைக்கு வந்த இளைஞர் பலர் உடல்வலி போதாமல் தள்ளப்பட்டபோதுதான் அரசு விழித்தது. 1904 இல் உடல்நலிவு பற்றிய விசாரணைக்குழு சிறுவர் புகைத்தலைக் கண்டித்தது. 1908 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட் விற்றலைத் தடைசெய்தது. வளர்ச்சி குன்றும் என்பதே அப்போதும் காரணம்.

உண்மைக் கணக்கு 1950 புரட்டாதியில் வந்தது. றிச்சட் டொல், ஓஸ்ரின் பிறட்போட் ஹில் என்னும் இருவர் இலண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுடைய ஆண்கள் 649 பேரையும், வேறு நோயுடைய 649 பேரையும் ஒப்பிட்டனர். முன்னவரில் புகையாதவர் 2 பேர். பின்னவரில் 27 பேர். தெருவிலிடும் தாரே குற்றவாளியாக இருக்கும் என்று நினைத்துத் தொடங்கிய டொல், முடிவைக் கண்டு தம் சிகரெட்டை விட்டுவிட்டார்.

மகாராணியாரின் மகன் ஏழாம் எட்வேட், பேரன் ஐந்தாம் ஜோர்ஜ், அவருக்குப் பின்வந்த எட்டாம் எட்வேட், ஆறாம் ஜோர்ஜ் ஆகிய நால்வரும் விடாது புகைத்தவர்கள். டொல், ஹில் கணக்கு வெளியாகி ஓராண்டு நிறையுமுன், 1951 புரட்டாதி 23 ஆம் நாள், பக்கிங்காம் அரண்மனையிலேயே ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் இடது நுரையீரல் புற்றுநோய்க்காக அகற்றப்பட்டது. வெளியே வாயிலில் தொங்கவிட்ட அறிக்கைகளில் அந்நோயின் பெயர் இல்லை.