அரிய இயங்குதளங்களும் அந்தரங்கப் பாதுகாப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கணினி வீடுகளுக்குள் வந்த காலந்தொட்டு ஒரு நம்பிக்கை நிலவி வருகின்றது. பெரும்பாலானோர் பாவிக்கும் விண்டோஸைக் கைவிட்டு, எவரும் அதிகம் அறியாத ஓர் இயங்குதளத்துக்கு மாறிவிட்டால் வைரஸும் அண்டாது, ஒற்றரும் எட்டிப்பார்க்க முடியாது என்பதே அந்த நம்பிக்கை. ஊரில் எவரிடமும் இல்லாத பூட்டை வாங்கி மாட்டினால், அதற்குரிய கள்ளத் திறப்பு கள்வனிடம் இருக்காது என்று எண்ணுவதைப் போன்றது இது.

இந்த நம்பிக்கையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உண்மை எதுவரை செல்லுபடியாகும் என்பதைக் கடந்த நாற்பது ஆண்டுக்கால வரலாறு தெளிவாகக் காட்டியிருக்கின்றது. தகவல் தந்தவரின் பெயரைக் காப்பாற்ற வேண்டிய பத்திரிகையாளருக்கு இது வெறும் தொழில்நுட்ப விடயமன்று. அந்தப் பெயர் வெளிப்பட்டால் ஒருவர் வேலையை இழக்கலாம்; சிறை செல்லலாம்; உயிரையே இழக்கலாம்.

பன்முகத்தன்மை காப்பாற்றிய கதை

1988 நவம்பர் 2ஆம் திகதி, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபேர்ட் டப்பன் மொரிஸ், தானாகவே பரவக்கூடிய சிறு நிரலொன்றை இணையத்தில் விட்டார். அக்காலத்தில் இணையத்தில் சுமார் 60,000 கணினிகளே இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. ஏனையவை தப்பியதற்கு ஒரு முக்கிய காரணம், அந்த நிரல் வக்ஸ், சன்-3 ஆகிய இருவகைக் கணினிகளில் ஓடிய குறிப்பிட்டதொரு யுனிக்ஸ் வகையை மட்டுமே தாக்கக்கூடியதாக எழுதப்பட்டிருந்தமையாகும். வேறு இயங்குதளங்களில் ஓடிய கணினிகளுக்கு அது புரியாத மொழியாகவே இருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் நிலைமை தலைகீழாகிவிட்டது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸில் இருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ என்ற மின்னஞ்சல் வைரஸ் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளைத் தாக்கியது. உலகின் அலுவலக மேசைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அப்பொழுது இருந்தது விண்டோஸ். ஒரே துளை எல்லா வீட்டுக் கதவுகளிலும் இருந்தது.

இதன் ஆபத்தை உணர்ந்துகொள்வதற்கு எமது நாட்டு வரலாறே போதுமானது. 1869ஆம் ஆண்டு இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் வளர்ந்த கோப்பித் தொழில் அடுத்த இரு தசாப்தங்களில் ஏறக்குறைய அழிந்துபோக, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. நோயை ஆராய 1880இல் இலங்கை வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், மலைச்சரிவுகளில் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை நோய் பரவ வழிசெய்ததைச் சுட்டிக்காட்டினார்.

2003 செப்டெம்பரில் டான் கியர் உள்ளிட்ட ஏழு கணினிப் பாதுகாப்பு நிபுணர்கள் வெளியிட்ட அறிக்கையும் இதே வாதத்தையே முன்வைத்தது. உலகம் ஒரே நிறுவனத்தின் இயங்குதளத்தில் தங்கியிருப்பது ஒற்றைப் பயிர்ச் செய்கையை ஒத்த ஆபத்து என்று அவர்கள் எச்சரித்தனர். அறிக்கை வெளிவந்த கையோடு கியர் தமது வேலையை இழந்தார். அவர் பணியாற்றிய நிறுவனம் மைக்ரோசொப்டுக்கும் சேவை வழங்கி வந்த ஒன்றாகும்.

பூட்டின் இரகசியமும் திறப்பின் இரகசியமும்

எனவே அரிய இயங்குதளம் ஒருவித காப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் காப்பு, தாக்குபவன் அதைப் பொருட்படுத்தாதிருக்கும் வரை மட்டுமே நீடிக்கும். மெக்கின்டொஷ் கணினிகளுக்கு வைரஸ் வராது என்று நெடுங்காலமாகப் பேசப்பட்டது. அவற்றைப் பாவிப்போர் தொகை பெருகியதும், 2012இல் ‘ஃபிளாஷ்பேக்’ என்ற தீநிரல் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மெக்கின்டொஷ்களுக்குள் புகுந்தது.

இவ்விடயத்தில் அடிப்படை விதியை வகுத்தவர் கணினியைக் கண்டிராத ஒருவர். பாரிஸில் ஜேர்மன் மொழி கற்பித்த ஒகஸ்ட் கேர்க்ஹொவ்ஸ், 1883ஆம் ஆண்டு இராணுவச் சங்கேத முறைகள் பற்றி எழுதிய கட்டுரையில், சங்கேத முறை எதிரியின் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேரக்கூடாது என்றார். இரகசியமாக இருக்க வேண்டியது திறப்பு மட்டுமே. பூட்டின் அமைப்பு அன்று.

இந்த விதியின் வழிநின்ற இயங்குதளங்களுள் ஒன்று ஓப்பன் பி.எஸ்.டி. கனடாவின் கல்கரி நகரில் வாழும் தியோ டி ராட் 1995இல் இதனைத் தொடங்கினார். இதைத் தம் மேசையில் பாவிப்போர் மிகச் சிலரே. எனினும் இதன் பலம் அந்த அருமையில் தங்கியிருக்கவில்லை. நிரல் முழுவதும் எவரும் வாசிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டிருக்கின்றது. 1996 முதல் அதனை வரிவரியாகச் சோதித்துத் தவறுகளைக் களைந்து வருகின்றனர். இக்குழுவினர் 1999இல் உருவாக்கிய ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்ற மென்பொருள், இன்று உலகெங்குமுள்ள வழங்கிக் கணினிகளின் தொலைவாசலைக் காத்து நிற்கின்றது.

போலந்து நாட்டவரான ஜோனா ருட்கொவ்ஸ்கா வேறொரு வழியைத் தேர்ந்தார். 2012இல் அவரது குழு வெளியிட்ட கியூப்ஸ் என்ற இயங்குதளம், கணினியைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கின்றது. வங்கிக் கணக்கு ஓர் அறையில். அறிமுகமற்றவர் அனுப்பிய கோப்பு வேறோர் அறையில். ஓர் அறையில் தீப்பிடித்தாலும் மற்றைய அறைக்கு அது பரவாதிருக்க வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

கடற்படைக்குத் தேவைப்பட்ட கூட்டம்

மேற்கூறியவை கணினிக்குள் இருப்பதைக் காப்பாற்றும் வழிகள். யார் யாருடன் பேசுகின்றார் என்பதை மறைப்பது வேறு வகைச் சிக்கல். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். செய்தியை வெங்காயத்தின் தோல்களைப் போலப் பல சங்கேத உறைகளுக்குள் இட்டு, பல இடைநிலையங்கள் ஊடாக அனுப்புவது அந்த முறை. ஒவ்வொரு நிலையமும் ஓர் உறையை மட்டும் பிரிக்கும். தனக்கு முன்னுள்ள நிலையத்தையும் பின்னுள்ள நிலையத்தையும் மட்டுமே அறியும். தொடக்கம், முடிவு இரண்டையும் அறிந்த நிலையம் ஒன்றுகூட இராது.

ஆனால் ஒரு இடர் இருந்தது. அந்த வலையமைப்பைக் கடற்படையினர் மட்டுமே பாவித்தால், அதிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு இணைப்பும் ‘இவர் அமெரிக்கக் கடற்படை’ என்று பறைசாற்றிவிடும். உளவாளி மறைய வேண்டுமானால் சாதாரண மக்கள் கூட்டம் தேவை. ஆகவே 2002ஆம் ஆண்டு ‘டோர்’ என்ற பெயரில் அது இயங்கத் தொடங்கியபோது, அதன் நிரல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இராணுவம் தனது இரகசியக் கருவியை ஊருக்கெல்லாம் வழங்கியது தாராள மனத்தினால் மட்டுமன்று. அருமை என்பது பாதுகாப்பல்ல, அடையாளம் என்பதை அவர்கள் முன்கூட்டியே உணர்ந்திருந்தனர்.

ஸ்னோடனும் டெயில்ஸும்

2009இல் வெளிவந்த டெயில்ஸ் என்ற இயங்குதளம் இந்த வலையமைப்பின் மீது கட்டப்பட்டதாகும். சிறிய யு.எஸ்.பி. குச்சி ஒன்றிலிருந்து இது இயங்கும். கணினியின் வன்தட்டைத் தொடாது. இணையத் தொடர்புகள் அனைத்தையும் டோர் வழியாகவே அனுப்பும். கணினியை நிறுத்தியதும் நடந்தவை அனைத்தையும் மறந்துவிடும். பாவிப்பவர் தாமாக விரும்பிச் சேமித்தவை மட்டுமே குச்சியில் எஞ்சும்.

2013இல் எட்வேர்ட் ஸ்னோடன், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் கண்காணிப்பு இரகசியங்களை வெளிக்கொணர்ந்தபோது, அவருடன் தொடர்புகொண்ட லோரா பொய்ட்ராஸ், கிளென் கிறீன்வால்ட், பார்ட்டன் கெல்மன் ஆகிய மூவரும் பாவித்தது டெயில்ஸையே. இத்தகவல் 2014 ஏப்ரலில் வெளியாயிற்று. அதே மாதம் கார்டியன், வொஷிங்டன் போஸ்ட் ஆகிய பத்திரிகைகள் அச்செய்திகளுக்காகப் புலிட்சர் விருதைப் பெற்றன. பத்திரிகை வரலாற்றின் பெரும் செய்திகளுள் ஒன்று, பொதுமக்களில் பெரும்பாலானோர் பெயர்கூட அறியாத ஓர் இயங்குதளத்தின் துணையோடு பாதுகாப்பாக வெளிவந்தது எனலாம்.

அருமையே காட்டிக்கொடுத்தபோது

இந்த வெற்றியின் மறுபக்கம் மூன்று மாதங்களில் தெரியவந்தது. 2014 ஜூலையில் ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனங்களான என்.டி.ஆர்., டபிள்யூ.டி.ஆர். ஆகியன, அதே முகவரகத்தின் ‘எக்ஸ்கீஸ்கோர்’ கண்காணிப்பு முறைக்குரிய நிரலின் பகுதிகளை வெளியிட்டன. டெயில்ஸ் பற்றி இணையத்தில் தேடுபவர்களையே குறித்துவைக்கும் விதி அதில் இருந்தது. தீவிரவாதிகள் பரிந்துரைக்கும் கருவி என்ற குறிப்பும் அதனருகே எழுதப்பட்டிருந்தது. ஒளிந்துகொள்ள இடம் தேடியவர், தேடியதாலேயே பதிவேட்டில் ஏறினார்.

அதற்கு முன்னர், 2013 டிசெம்பரில், ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்தது. பரீட்சையைத் தவிர்க்க விரும்பிய மாணவர் ஒருவர் டோர் வழியாக அதனை அனுப்பியிருந்தார். புலனாய்வாளர்கள் டோரை உடைக்கவில்லை. அந்த வேளையில் பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து டோரை யார் பாவித்தார்கள் என்று மட்டும் பார்த்தனர். அந்தத் தடம் அவரிடம் கொண்டுசென்றது. விசாரித்தபோது அவர் ஒப்புக்கொண்டார். பாவித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருந்தால் அந்த வழி பயனற்றுப் போயிருக்கும்.

அரசாங்கங்களின் பார்வைக்கு அப்பாற்பட்டவர்களுக்கும் இது பொருந்தும். நாம் ஓர் இணையத்தளத்துக்குச் செல்லும்போது, எமது உலாவி தன் இயங்குதளம், திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர வலயம் ஆகியவற்றைத் தானாகவே வெளிப்படுத்தக்கூடும். 2010இல் மின்னணு எல்லைப்புற அறக்கட்டளையின் பீற்றர் எக்கர்ஸ்லி 470,161 உலாவிகளை ஆராய்ந்தபோது, 83.6 வீதமானவை வேறெந்த உலாவியுடனும் ஒத்துப்போகாத தனி அடையாளம் கொண்டிருந்தன. இலட்சம் விண்டோஸ் கணினிகளுக்கு மத்தியில் அபூர்வமான இயங்குதளத்தோடு வருபவரை விளம்பர நிறுவனம் இனங்காண்பது இன்னும் எளிது.

டெயில்ஸை ஆக்கியவர்கள் இதனை அறிந்தே இருந்தனர். அதன் உலாவி, பாவிப்பவர் அனைவரையும் இயன்றவரை ஒரே தோற்றத்தில் காட்டும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது. ஆரம்பகாலப் பதிப்புகளில் மற்றுமொரு சுவாரசியமான வசதியும் இருந்தது. பொது இடங்களில் எட்டிப்பார்ப்பவர் சந்தேகப்படாதிருக்க, டெயில்ஸின் திரையை விண்டோஸ் போலவே தோன்றச் செய்யலாம். 2016இல் வெளியான 2.0 பதிப்பில் அது கைவிடப்பட்டது. உலகின் அரிய இயங்குதளங்களுள் ஒன்று, உலகின் மிகப் பொதுவான இயங்குதளத்தின் வேடத்தைப் பூண்டிருந்தது.

நாம் அறியாத இன்னொரு இயங்குதளம்

2017இல் வெளியான ஒரு செய்தி இக்கதைக்கு எதிர்பாராத திருப்பத்தைக் கொடுத்தது. நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்த அன்ட்ரூ டனன்போம், மாணவருக்குக் கற்பிப்பதற்காக 1987இல் மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தை எழுதினார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுத முற்பட்டபோது பாவித்துக்கொண்டிருந்தது இதனைத்தான். பின்னர் வெகுசிலரே அறிந்த ஆய்வுப் பொருளாக அது ஒதுங்கியது. ஆனால் இன்டெல் நிறுவனம் தனது கணினிச் சில்லுகளுடன் இணைந்த நிர்வாகப் பொறிக்குள் மினிக்ஸின் ஒரு வடிவத்தை இயக்கி வந்தமை 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. மினிக்ஸ் இவ்வளவு பரவலாகப் பாவிக்கப்படுவதைச் செய்திகளின் வாயிலாகவே அறிந்ததாக டனன்போம் இன்டெலுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்.

நாம் விண்டோஸைப் போட்டாலும், கியூப்ஸைப் போட்டாலும், அவற்றுக்கு அடியில் எமது கட்டுப்பாட்டுக்கு உட்படாத இன்னொரு இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதே இதன் பொருள். அரிய இயங்குதளத்தைத் தேடி ஓடியவர்களின் கணினிகளுக்குள்ளேயே ஓர் அரிய இயங்குதளம் அவர்கள் அறியாமல் குடியிருந்தது.

யாரிடமிருந்து மறைகின்றோம்?

ஆகவே எந்த இயங்குதளம் நல்லது என்று கேட்பதற்கு முன்னர், யாரிடமிருந்து மறைய விரும்புகின்றோம் என்று கேட்டுக்கொள்வது பொருத்தமானது. கண்மூடித்தனமாக வலைவீசும் இணையக் கள்வரிடமிருந்து அரிய இயங்குதளம் ஓரளவு காக்கும். ஆனால் எந்த இயங்குதளமாயினும் காலத்துக்குக் காலம் புதுப்பித்துக்கொள்வது மிக அவசியம். விளம்பர நிறுவனங்களிடமிருந்து தப்புவதற்கு எல்லோரையும் போலத் தோன்றுவதே உதவும். எம்மையே குறிவைத்துத் தேடும் அதிகாரத்திடமிருந்து தப்ப, டெயில்ஸ் போன்ற கருவியும், அதனைப் பாவிப்பதே வெளியில் தெரியக்கூடும் என்ற விழிப்பும் ஒருசேர வேண்டும்.

2024 செப்டெம்பரில் டெயில்ஸ், டோர் அமைப்புடன் இணைந்துகொண்டது. கடற்படைக்கு அன்று தேவைப்பட்ட கூட்டம் பத்திரிகையாளருக்கு இன்றும் தேவைப்படுகின்றது. மறைப்பதற்கு எதுவுமில்லாத சாதாரண வாசகர்கள் நாளாந்தச் செய்திகளை வாசிப்பதற்காவது இக்கருவிகளைப் பாவிக்கும்போது, அவற்றைப் பாவிப்பது சந்தேகத்துக்குரிய செயலாக இருப்பது குறைகின்றது. எங்கோ ஒரு நாட்டில், தமது பெயர் வெளிவரக்கூடாது என்ற நிபந்தனையோடு உண்மையைச் சொல்ல முன்வரும் ஒருவருக்கு, அந்த வாசகர்களின் கூட்டமே மறைவிடமாகின்றது.